பதினேழோடு நின்ற கணக்கு

மச்சான்,

இன்று காலை நமது நீர் இறைப்பு மெசினைத் துடைத்தேன். மண்ணெண்ணெய் மணம் மூக்கில் ஏற, துணிக்கு அடியிலிருந்து மெசினில் பொறித்த அந்த மாபெரும் தொடர் இலக்கம் எழுந்து வந்தது: 510511. உன் முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்த பின்னும் நீ வந்து முன்னால் குந்தியதுபோல இருந்தது.

இரண்டு மிளகாய்த் தோட்டத்துக்கு ஒரே மெசின். "இண்டைக்கு ஆற்றை முறை, உன்ரையோ என்ரையோ?" என்று நாம் போட்ட சண்டையில் அக்கராயன் குளத்துக் கொக்குகள் கூட்டத்தோடு மன்னாருக்குக் குடிபெயர்ந்தன. "மெசினைப் பிரிப்பம்!" என்று நான் முழங்குவேன். நீ கரித்துண்டு எடுத்துக் கிணற்றடிச் சீமெந்தில் அந்த இலக்கத்தைப் பிரிக்கத் தொடங்குவாய். இரண்டால் பிரித்தால் மிச்சம் ஒன்று. மூன்றால், ஐந்தால், ஏழால், எல்லாவற்றுக்கும் ஒன்று.

"நாலை ஏன்ரா விட்டனி?"

"நாலு ரெண்டின்ரை பிள்ளை. தேப்பனுக்கே ஏலாததைப் பிள்ளை என்னெண்டு செய்யும்?"

பதினொன்று, பதின்மூன்று, பதினேழு. அப்போதும் ஒன்று. "பாத்தியே, இந்த இலக்கத்தை ஆராலும் பிரிக்கேலாது. மெசினையும்தான்." கரியை எறிந்துவிட்டு என் மனைவியைக் கூப்பிடுவாய்: "தங்கச்சி, தேத்தண்ணி வையுங்கோ!" நானோ உலகின் ஒரேயொரு பிரிபடாத மெசின் நம்முடையது என்று முல்லைத்தீவுக் கடல் மீனுக்குக்கூட அறிவித்து வைத்திருந்தேன்.

இன்று உன் மகள் வந்தாள். "அப்பாவும் இல்லை. மெசின் உங்களோடையே இருக்கட்டும் மாமா. நான் வேறை ஒண்டு பாக்கிறன்."

விடுவேனா? உன் ஆசனத்தில் அமர்ந்து, ராசகம்பீரமாகக் கரி எடுத்து, பதினேழு வரை பிரித்துக் காட்டினேன். அவள் கரியை வாங்கினாள்.

"அடுத்தது பத்தொன்பது எல்லே மாமா?"

பிரித்தாள். 26869. மிச்சம் பூச்சியம்.

"நீங்கள் பிரிச்ச அந்த ஏழு எண்ணையும் பெருக்கினா 510510. அதிலை ஒண்டு கூடத்தான் இந்த இலக்கம். அதுதான் ஏழுதரமும் ஒண்டு மிஞ்சினது."

கரியைப் பிடுங்கிப் பதினொரு தரம் திரும்பச் செய்தேன். சீமெந்து கறுத்தது. பூச்சியம் அசையவில்லை.

மச்சான், எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. உனக்குப் பத்தொன்பது தெரியாதா? தெரியாமல்தான் இத்தனை வருடம் சேர்ந்திருந்தோமா? தெரிந்திருந்தால், நீ வன்னி கண்ட மகா கள்ளன். எதற்குக் கோபிப்பது என்றும் தெரியவில்லை. ஒன்று மட்டும் உறுத்துகிறது: உனக்கு எப்போதும் பதினேழு முடிந்த கையோடுதானே தேநீர்த் தாகம் வந்தது?

"அப்ப மெசின், மாமா?"

கரியைச் சட்டைப் பையில் போட்டேன். குசினிப் பக்கம் திரும்பிக் கத்தினேன்: "இஞ்சாரும், தேத்தண்ணி வையும்!"

அவள் கையில் ஒட்டிய கரியைத் தட்டினாள். பிறகு சிரித்தாள். "சரி, நாளைக்கு ஆற்றை முறை?"

"உன்ரை."

கரி இன்னும் பையில்தான். சட்டை பாழ் என்று வீட்டில் ஏச்சு. இந்த மடல் எழுதும்போதும் அந்த இலக்கத்தை ஒருமுறை பிரித்துப் பார்த்தேன். பதினேழு வந்ததும் எனக்கும் தாகம் எடுத்துவிட்டது.