ஏசி கிரிலுக்குள் இருந்த காகிதம்

மாமு,

கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. கோட்டின் மேல் உட்கார வேண்டிய எழுத்தெல்லாம் கோட்டுக்குக் கீழே தொங்குகிறது. 'ழ' போட்டால் அதன் வால் எந்தப் பக்கம் போகுமென்று எனக்கே தெரியவில்லை. டீயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தேன். இந்த நாலு வரிக்குள் அது ஆறி ஆடை படிந்துவிட்டது. ஆனாலும் இது என் கை. நான் சொல்லச் சொல்ல வேறு எவனும் எழுதவில்லை. அதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்பதை, உன்மேல் இருக்கிற கோபத்தைக் கொட்டுவதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன்.

உன் ஏசி கிரில், காற்று வருகிற அந்தத் தட்டி, இப்போது என் எதிரில் இருக்கிறது. நீ செத்த முப்பதாம் நாள், மாதா கோயில் பூசை முடிந்து வீட்டைக் கழுவும்போது உன் மனைவி அதைச் சுவரிலிருந்து கழற்றினாளாம். "உங்க தோஸ்து ஞாபகமா நீங்களே வெச்சிக்கோங்கண்ணா" என்று ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்தாள். தூசி போக என் வாசற்படியில் தட்டினாள். பின்னால் இருந்த ஒரு சாண் குழாயிலிருந்து சுருட்டிய காகிதம் ஒன்று விழுந்தது. பிரித்துத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாண்ணா எழுதிக்கீது இதுல? நீங்கதான் இப்போ படிக்கிறீங்களே."

எழுத்தை நான் பார்க்கவில்லை. அடியில் இருந்த கட்டைவிரல் ரேகையைத்தான் முதலில் பார்த்தேன். குறுக்கே ஒரு வெட்டுத் தழும்பு. என் விரல்.

கல்மண்டபத்தில் நாம் வேலை பார்த்த மெக்கானிக் ஷெட்டுக்கு அந்த வெள்ளைக்காரரின் வீட்டு வண்டி வந்த நாள் உனக்கு மறந்திருக்காது. அப்போதே அது பழைய வண்டி. உள்ளே கட்டில், அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி. பல தேசம் தாண்டி ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். பக்கத்து ஷெட்டுக்காரர்கள் எல்லாம் சினிமா பார்ப்பதுபோல் எட்டிப் பார்த்தார்கள். டேஷ்போர்டில் இருந்த ஏசி கெட்டுப்போய், அவர் மனைவியின் காலில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ரிப்பேர் வேண்டாம், முழுவதும் கழற்றி எறிந்துவிடுங்கள், எண்ணூர் கடற்கரையில் இரண்டு நாள் தங்கிவிட்டு வடக்கே போகிறோம் என்றார்.

நீ டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்தாய். நான் விளக்கைப் பிடித்தேன். கேஸ் பைப்பைக் கழற்றியபோது காற்றுக்கூட வரவில்லை. அதன் பக்கத்தில் தடியான ரப்பர் ஓஸ் இரண்டு, இன்ஜினிலிருந்து வந்து அதே பெட்டிக்குள் போயின. நான் ஒன்றைக் கையால் பிடித்துப் பார்த்தேன்.

"மாமு, இது ஏசி பைப்பு இல்ல. சுடுது."

"அந்தப் பொட்டிக்குள்ளதானே போவுது?"

"போவுது. ஆனா சுடுதே. வெட்டாத."

"மெட்ராஸ் வெயில்ல எதுடா சுடல? உன் மண்டையுந்தான் சுடுது. வெளக்க நேராப் புடி."

வெட்டினாய். உன் மார்பில் தண்ணீர் கொட்டியது. உனக்கு ஒரே குஷி. "பாத்துக்கினியா? அந்தம்மா கால்ல சொட்டுன தண்ணி இதான்" என்றாய். பிறகு, காசிமேட்டில் உன் அப்பா படகின் ஓட்டையை அடைப்பதுபோல் இரண்டு மர ஆப்பு சீவி ஓஸின் வாயில் அடித்தாய். மேலே நைலான் வலைநூலைச் சுற்றி இறுக்கினாய். "கடலே தாங்கும் மாமு இத்த."

கடல் தாங்கும். கொதிக்கிற இன்ஜின் தண்ணீர் தாங்குமா? வண்டி திருவொற்றியூரைத் தாண்டியதும் ஆப்பு பிடுங்கிக்கொண்டது. தண்ணீர் முழுவதும் போய், எண்ணூரை எட்டுவதற்குள் இன்ஜின் இறுகி நின்றுவிட்டது. லாரியில் கட்டி இழுத்து வந்தார்கள். வெள்ளைக்காரர் அந்த ஓஸைக் காட்டி, குளிரில் நடுங்குவதுபோல் இரண்டு கைகளையும் தேய்த்துக் காட்டினார். அவர் ஊரில் குளிர் தாங்காதாம். இன்ஜினின் வெந்நீரை அதே பெட்டிக்குள் ஓடவிட்டு வண்டிக்குள் கதகதப்பு வைப்பார்களாம். ராயபுரத்தில் பிறந்தவனுக்கு இது கனவிலாவது தோன்றுமா? அதனால் ஓஸை வெட்டியதற்காக உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

முதலாளி நம் இரண்டு பேரையும் மேசைக்கு முன்னால் நிறுத்தினார். "எவன்டா வெட்னது? எழுதிக் குடுத்துட்டுப் போங்க." நீ எட்டாவது வரைக்கும் படித்தவன். நான் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்ததில்லை. நீ உட்கார்ந்து அழகாக எழுதினாய். அந்த எழுத்தை நான் ஆசையோடு பார்த்துக்கொண்டு நின்றேன், மாமு. முடித்ததும் படித்துக் காட்டினாய்: "ரெண்டு பேரும் சேந்து தெரியாம பண்ட்டோம்னு எழுதிக்கீறேன். கட்டவெரல வை."

வைத்தேன்.

மறுநாள் என்னை மட்டும் உள்ளே விடவில்லை. நீ இருந்தாய். கல்மண்டபத்தில் வேறு எந்த ஷெட்டும் என்னைச் சேர்க்கவில்லை. "இன்னா மாமு, காலைலயே எத்தினி கிளாஸ்?" என்று கேட்டுச் சிரித்தார்கள். சாராய வாடையே ஆகாத என்னை ஏன் இப்படிக் கேட்கிறார்கள் என்று உன்னிடந்தான் வந்து கேட்டேன். "கலீஜ் பசங்க, வுடு" என்றாய். ஸ்பானர் பிடித்த கையால் துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன். முதுகு வளைகிற வரைக்கும் தூக்கினேன்.

இப்போது அந்தக் காகிதத்தைப் படித்துவிட்டேன். எழுத்தெழுத்தாகக் கூட்டி, இரண்டு மத்தியானம் ஆயிற்று. 'என்னுடன் வேலை செய்பவர் வேண்டாம் என்று தடுத்தும் கேளாமல், மது அருந்திய நிலையில் நானே குழாயை வெட்டினேன்.'

தடுத்தும் கேளாமல். தடுத்தவன் நான்தானேடா. என் வாயிலிருந்த சொல்லைப் பிடுங்கி உன் வாயில் வைத்துக்கொண்டு, உன் கத்தியை என் கையில் கொடுத்திருக்கிறாய். வேலை போய்விடும் என்று பயந்தாய் என்றால் அதுவரைக்கும் எனக்குப் புரிகிறது. குடிகாரன் என்று எதற்கு எழுதினாய்? அது உனக்கு எதற்கு உதவியது?

அந்த வண்டியிலிருந்து கழற்றிய கிரிலை அன்றைக்கே சட்டைக்குள் வைத்துக்கொண்டு போய் உன் வீட்டுச் சுவரில் அடித்தாய். "நம்ம வூட்டுக்கும் ஏசி வந்துடிச்சி" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாய். முதலாளியின் மேசையிலிருந்து காகிதத்தை எப்போது எடுத்தாய், எப்போது அதற்குள் திணித்தாய் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அதற்கு நேர் கீழே உட்கார்ந்து உன் வீட்டு மீன் குழம்பை எத்தனை ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டிருக்கிறேன். என் தலைக்கு மேலே, என் ரேகையோடு, உன் பொய் தொங்கியிருக்கிறது. நீ எனக்குத் தலைத்துண்டாகப் பார்த்து எடுத்து வைத்தாய்.

மாதா கோயில் ஹாலில் எழுதப் படிக்கச் சொல்லித் தருகிறார்கள், சேர்ந்துவிட்டேன் என்று ஓடிவந்து உன்னிடந்தான் முதலில் சொன்னேன். "இந்த வயசுல இன்னாத்துக்கு மாமு எழுத்து? இருக்கிற கண்ணும் பூடும்" என்றாய். அக்கறை என்று நினைத்தேன். பிறகு ஒரு நாள் உன் வீட்டுக் காலண்டரில் 'வெள்ளி' என்று நானாகவே படித்தேன். உன் மனைவி கைதட்டினாள். நீ மேலே கிரிலைப் பார்த்தாய். பல்லி இருக்கிறதோ என்று நானும் பார்த்தேன்.

கிழித்து எறிந்திருக்கலாமே. நீ நல்லவனாகவே போய்ச் சேர்ந்திருப்பாய். இல்லை, என் கையில் கொடுத்திருக்கலாம். உன் சட்டையைப் பிடித்து நாலு அறை விட்டிருப்பேன். ஒரு வாரம் பேசாமல் இருந்துவிட்டு டீக்கு வந்திருப்பேன். இரண்டையும் செய்யாமல் செத்துப்போய்விட்டாய். இந்தக் கோபத்தை நான் யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பேன்?

இன்னும் ஒன்று கேள். உன் மனைவி அன்று காகிதத்தை நீட்டிக்கொண்டு நின்றபோது, "அது பழைய ரிப்பேர் லிஸ்ட்டும்மா" என்ற சொல் என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அவளுக்குப் படிக்கத் தெரியாது. நான் என்ன சொன்னாலும் அதுதான் அதில் எழுதியிருக்கும். அவ்வளவு சுலபமாக வந்தது, மாமு. உனக்கும் அன்று அப்படித்தான் வந்ததா? உன் பொய்யைவிட அந்த நிமிஷம்தான் என்னை அதிகம் எரிச்சல்படுத்துகிறது. "மெதுவாதாம்மா படிப்பேன், வர ஞாயித்துக்கெழம வா" என்று சொல்லி அனுப்பினேன்.

அந்த ஓஸின் சூடு இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது. எழுத்துத் தெரியாத அந்தக் காலத்திலும் அந்தக் கை சரியாகத்தான் சொன்னது. நீ கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து அவள் வருவாள். ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே விரலை வைத்து, அதில் இருப்பதை இருக்கிறபடி படிப்பேன். அன்று நடந்ததையும் சொல்லுவேன். அவள் அழலாம். என்னைத் திட்டலாம். உன் படத்தைச் சுவரிலிருந்து இறக்கினாலும் இறக்கலாம். எதுவானாலும் அடுத்த வாரம் உனக்கு எழுதுகிறேன், அவள் சொன்னதில் ஒரு சொல்கூட மாற்றாமல்.