அதே மாதிரி இன்னொரு புடவை

உத்திரமேரூர்
22.7.1983

என் கண்ணு கஸ்தூரிக்கு,

படித்ததும் இதைக் கிழித்துப் போடு.

சாலவாக்கத்துப் பெரிய வீட்டின் தை மாதக் கல்யாணத்துக்கு நானும் அம்மாவும் அரக்குப் பட்டுப்புடவை நெய்தோமே, நினைவிருக்கிறதா? புடவை தறியில் இருந்தபோதே கல்யாணப் பெண் ஜெயமணி வந்து, கரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

நேற்று அவளுடைய மாமியார் அந்தப் புடவையோடு வந்தார்.

"இதே மாதிரி இன்னொண்ணு வோணும். ஆவணியில பையனுக்குக் கல்யாணம்."

இளைய மகனுக்கு என்று நினைத்து, "பெரிய மருமவ நல்லா கீறாங்களா?" என்று கேட்டேன்.

"ஸ்டவ் வெடிச்சி பூட்டா. ரெண்டு மாசம் ஆவுது. அதே பையனுக்குத்தான்" என்றவர், ஜரிகையை மட்டும் இன்னும் அகலமாகப் போடச் சொன்னார்.

வெறுந்தறிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "தறி காலி இல்லீங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

பிறகு உன் போன மாதக் கடிதத்தை எடுத்துப் படித்தேன். சமைக்கும்போது முதுகில் கொஞ்சம் சுட்டுவிட்டது, பயப்படாதீர்கள் என்று எழுதியிருந்தாய். நானும் பயப்படவில்லை. சமைக்கிறவளுக்கு முதுகில் எப்படிச் சுடும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லையம்மா.

கூரத்துக்கு நானே வந்தால், உன் மாமியார் வீட்டாரின் எதிரில் முகத்தை மறைக்க எனக்குத் தெரியாது. அதனால்தான் உன் தாய்மாமாவை அனுப்புகிறேன். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று அவர் அங்கே சொல்வார். நீ நம்பாதே, அவள் நன்றாக இருக்கிறாள். ஆனாலும் அழுதுகொண்டே கிளம்பு. அப்போதுதான் உன்னை அனுப்புவார்கள்.

உன் நைனா