புதுக் கப்

கீழ்பென்னாத்தூர்,
ஞாயிறு மாலை.

அன்புள்ள கலையரசன் அவர்களுக்கு,

போன் இருக்கும்போது கடிதம் எழுதித் தொந்தரவு செய்வதற்கு மன்னிக்கவும். போனில் நீங்கள் பேசுவீர்கள், நான் 'ம்' போடுவேன். எழுதினால்தான் எனக்கு வாய் வருகிறது.

சென்னையில் புது வேலை பழகிவிட்டதா? இங்கே எல்லோரும் நலம். அப்பா மல்லாட்டைச் செடி பிடுங்கும் கூலி வேலைக்குப் போகிறார். கல்யாணம் பேச உங்கள் வீட்டுக்குப் போய்வந்ததைக் காலனி முழுக்கச் சொல்லிவிட்டார்.

பெண் பார்க்க வருவது பழைய பஞ்சாங்கம், நீங்களே வந்து எங்கள் வீட்டைப் பாருங்கள் என்று நீங்கள் சொன்னதற்கு வாசகர் வட்டத்தில் கைதட்டல். தலைவர் பரசுராமன் ஐயா, "இதாம்பா மாற்றம்!"னு மேசையைத் தட்டினார். கூட்டம் முடிந்ததும் டம்ளர்களைக் கழுவியது வழக்கம்போல நானும் அருணாதேவி அக்காவும். அதைப் பற்றியும் யாராவது புத்தகம் எழுதினால் வட்டத்தில் விவாதிப்பீர்கள்.

வேங்கிக்கால் வீட்டில் உங்கள் அம்மா டீ கொண்டுவந்தார். உங்களுக்கும் உங்கள் அப்பாவுக்கும் எங்களோடு வந்த பரசுராமன் ஐயாவுக்கும் எவர்சில்வர் டம்ளர். எனக்கும் அப்பாவுக்கும் பேப்பர் கப். நீங்கள் பார்த்தீர்கள். பார்த்துவிட்டு, டம்ளரைக் கையில் பிடித்தபடி, சமத்துவம் பற்றி வந்திருக்கும் ஒரு புதுப் புத்தகத்தை விளக்க ஆரம்பித்தீர்கள். ஐயா "அருமை, அருமை" என்றார்.

மறுநாள் போனில் கேட்டதற்கு, "வந்தவங்களுக்குக் கழுவுற வேல ஜாஸ்தின்னு அம்மா வாங்கி வெச்சது. இதுக்குப் போயி..."னு சிரித்தீர்கள். பரசுராமன் ஐயாவும் வந்தவர்தானே? வட்டத்துச் செயலாளரான நீங்கள் சொல்லும் காரணம் இன்னும் கொஞ்சம் கெட்டியாக இருக்கும் என்று நினைத்தேன்.

எங்கள் ஆட்களுக்கு டீக்கடையில் தனி டம்ளர் வைத்த கதையை நான் முதன்முதலில் படித்தது நீங்கள் கொடுத்த புத்தகத்தில். காலனியிலேயே பிறந்த எனக்கு அப்பா அதைச் சொன்னதே இல்லை. அந்தப் பக்கத்தின் ஓரத்தில், 'பார்த்துக்கொண்டு சும்மா இருப்பவனும் குற்றவாளி' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தீர்கள். அந்த வரிக்காகத்தான் உங்களைப் பிடித்தது. நான் அதை நம்பிவிட்டேன். நீங்கள் எழுதியதோடு சரி. உங்கள் அலமாரி நிறையப் புரட்சி. பக்கத்து அறைதான் சமையல்கட்டு, அங்கே ஒரு பக்கம்கூடப் போய்ச் சேரவில்லை.

திரும்பும்போது கிரிவலக் கூட்டம். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தோம். "நமக்குன்னு புதுக் கப்புல குடுத்தாங்க பாத்தியாம்மா? மருவாதி தெரிஞ்ச ஜனம்" என்றார் அப்பா. நிஜமாகவே அப்படி நினைத்தாரா, என் முகத்தைப் பார்த்துச் சொன்னாரா, தெரியவில்லை. ஆனால் உங்கள் வீட்டில் டீயைக் குடித்ததும், யாரும் சொல்வதற்கு முன்பே எழுந்து, என் கப்பையும் வாங்கிக்கொண்டு வெளியே போய்ப் போட்டுவிட்டு வந்தாரே, அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். படிக்காமல் இருந்திருந்தால் நானும் புதுக் கப் என்று சந்தோஷப்பட்டிருப்பேன்.

அடுத்த மாதம் நாள் குறிக்கலாம் என்று அப்பாவிடம் சொன்னீர்களாம். அது இருக்கட்டும். கேட்க வேண்டியதை இவ்வளவு நேரமும் கேட்காமல் சுற்றிக்கொண்டிருக்கிறேன். நாள் குறிப்பதற்கு முன் உங்கள் அம்மாவை அழைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வாருங்கள். டீ எங்கள் டம்ளரில்தான். அவர் அதைத் தொடாமல் வைத்துவிட்டால், "வெயில் காலம், டீ வேணாம்னா வுடும்மா"னு அப்பா ஏதாவது சொல்லிச் சமாளிப்பார்.

அப்பா வாயைத் திறப்பதற்கு முன் நீங்கள் திறக்க வேண்டும். அவ்வளவுதான்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
அபிநயா