இரண்டு அங்குலம் கூடுதல் அகலமான சேட்டு

ரொறன்ரோ

அன்புள்ள அம்மா,

உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நான் நல்ல சுகம்.

திங்கள் முதல் எனக்குப் பொலிசில் சிவில் உடை வேலை! துப்பாக்கியை உடுப்புக்குள் மறைக்க வேண்டும். கணுக்காலில் கட்டினால் உறுத்தாது, ஆனால் குனிந்துதான் எடுக்கலாம். இடுப்பில் செருகினால் சட்டென்று எடுக்கலாம், காரில் இருந்தால் விலாவில் குத்தும். குத்தினாலும் இடுப்புத்தான்; சேட்டு அகலமாக இருந்தால் வெளியே தெரியாது!

நேற்றுப் பயிற்சியில் "எடு" என்றதும், என் கை நீங்கள் கழுத்தில் போட்டுவிட்ட செபமாலைக்குப் போய்விட்டது. கூட வேலைசெய்யும் அனோஜா, "உது செபிக்கிற நேரமே, மாக்கஸ்?" என்று சிரித்தாள்.

தையல்கார யோசப் அண்ணையிடம் என் பழைய அளவைவிட இரண்டு அங்குலம் அகலமாக நான்கு சேட்டுகள் தைப்பித்து அனுப்புங்கள். எனக்குத் தொந்தி வைத்துவிட்டதென்று சொல்லுங்கள். அவர் நம்பட்டும், நீங்கள் நம்பாதீர்கள். தனியே சாப்பிடுகிறவனுக்கு எங்கே தொந்தி வைக்கும்?

வேலைக்கு நேரமாகிறது.

மாக்கஸ்