கறுப்பி சேவல் இல்லை

1934 பிப்ரவரி 11

நாத்தனார் வடிவம்மாள் ஆயர் ஈத்தாமிலிருந்து காலையிலேயே டிராம் பிடித்து வந்துவிட்டாள். என்னைப் பார்க்கவில்லை, என் வீட்டுக்காரரான தன் தம்பியையும் பார்க்கவில்லை. நேரே கோழிக்கூட்டுக்குப் போனாள். போன மாதம் இவர் காய்ச்சலில் கிடந்தபோது, பிழைத்து எழுந்தால் ஒரு சேவல் தருவதாக முனியாண்டிக்கு வேண்டிக்கொண்டாளாம். இவர் எழுந்து துறைமுக ஆபீசுக்கும் போகத் தொடங்கிவிட்டார். இனி சாமிக்குச் சேவல் வேண்டும்.

கூட்டில் இருப்பது இரண்டே குஞ்சுகள், கறுப்பியும் செவலையும். தாயையும் மற்றவற்றையும் மூசாங் என்கிற மரநாய் கடித்துக் கொண்டுபோன பிறகு, இவை இரண்டையும் அடுப்படியில் சட்டிக்குள் வைத்து நான்தான் வளர்த்தேன். கறுப்பியின் தலையில் கொண்டை துளிர்த்திருக்கிறது. "இதுதான் சேவல்லா, கொண்டைய பாரு. இதையே நேர்ந்துவிடுறேன்" என்று காலில் சிவப்பு நூலைக் கட்டிவிட்டாள். செவலைக்குக் கொண்டை இல்லையாம், அதனால் பெட்டையாம். வளர்ந்ததும் முட்டைக்கு அவள் வீட்டுக்குக் கொண்டுபோவாளாம்.

ஒன்று சாமிக்கு, ஒன்று அவளுக்கு. எனக்குச் சட்டி.

மார்ச் 4

பக்கத்து வீட்டு சலேஹாவின் சேவல் வேலி தாண்டி வந்தது. இந்தக் குஞ்சுகளின் அப்பன் அதுதான். தெருவையே எழுப்புகிற சேவல், ஆனால் தலையில் கொட்டைப்பாக்கு அளவுக்குத்தான் கொண்டை, அதுவும் அமுங்கிக் கிடக்கிறது. செத்துப்போன தாயோ துரை பங்களாவிலிருந்து வந்த சீமைக் கோழி. அதன் கொண்டை ஒரு கண்ணை மறைத்துத் தொங்கும். முட்டையிட்டவளுக்கு அவ்வளவு, கூவுகிறவனுக்கு இவ்வளவு!

அப்படியானால் — கறுப்பிக்குத் தாய் ஜாடை, செவலைக்கு அப்பன் ஜாடை. கொண்டை அதைத்தானே சொல்கிறது? ஆணா பெண்ணா என்று எங்கே சொல்கிறது?

மார்ச் 5

இவரிடம் சொன்னேன். "அக்காகிட்ட நீயே சொல்லிப் பாரேன்" என்றார். என்ன தைரியம் இந்த மனிதருக்கு!

மார்ச் 18

சொன்னேன். "ஒன் புருஷன் உசுரவிட ஒனக்குக் கோழி பெருசா போச்சா?" என்று கேட்டுவிட்டாள்.

என்ன பேச்சு இது! காய்ச்சல்ல கெடந்தப்ப நெத்தியில ஈரத்துணி போட்டு, கஞ்சி ஊட்டி, கண்ண மூடாம உக்காந்திருந்தது யாரு? இவளா? சாமிக்குக் குடுக்காதீங்கன்னா சொன்னேன்? பொட்டையா இருந்தா, அத அறுத்து வச்சிட்டு, சேவல்னு சாமிகிட்டயே பொய் சொல்லாதீங்கன்னுதானே சொன்னேன்!

போதும்.

ஏப்ரல் 8

கொண்டையை விட்டுவிட்டு இறகைப் பார்க்கிறேன். கழுத்திலும், வாலுக்கு முன்னால் முதுகிலும் கறுப்பிக்குப் புதிதாக வரும் இறகு நுனியில் வட்டமாக இருக்கிறது. செவலைக்கு அதே இடத்தில் குறுகி, நுனி கூராகி, எண்ணெய் தடவியதுபோல் மினுங்குகிறது. தோளில் வேறு துரு நிறம் திட்டுத் திட்டாக ஏறுகிறது. சலேஹாவின் சேவலைப் பிடித்துப் பார்த்தேன்: கூர். அவளுடைய முட்டைக்கோழிகள்: எல்லாம் வட்டம்.

"கோழிக்கெல்லாம் ஜாதகம் பார்க்கிறாயா?" என்று மலாயில் கேட்டுச் சிரித்தாள் சலேஹா. சிரிக்கட்டும். எனக்குத் தெரிந்துவிட்டது. கறுப்பி பெட்டைதான்!

ஏப்ரல் 22

அடுத்த ஞாயிறு படையல். வடிவம்மாளிடம் இறகைக் காட்டினேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "செவலை கூவினா என்ன செய்வீங்க அண்ணி?" என்று கேட்டேன்.

"கூவட்டும். அன்னைக்கு நீ சொல்றபடி கேக்குறேன்."

இவர் சாட்சி. பேப்பருக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டிருந்த சாட்சி.

ஏப்ரல் 27

இன்னும் கூவவில்லை. வாயத் தொறடா, பாவி!

ஏப்ரல் 29

எழுதியே ஆகவேண்டும்.

காலையில் இரண்டு கூடையோடு வந்தாள். கறுப்பியை ஒன்றில் போட்டு மூடினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது; அடுப்படிக்குள் போய்விட்டேன். செவலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அடுத்த கூடையைத் திறந்தாளோ இல்லையோ — துருப்பிடித்த கதவு திறப்பதுபோல் ஒரு சத்தம். வெளியே ஓடினேன். வடிவம்மாளின் கக்கத்திலிருந்து கழுத்தை நீட்டி, இன்னொரு தடவை கூவினான் செவலை!

வேலிக்கு அந்தப் பக்கம் சலேஹா கைதட்டினாள். இவர் கறுப்பியை எடுத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்து, கழுத்து இறகை விரலால் ஒதுக்கி ஒதுக்கிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "அக்கா, நவமணி சொன்னதுதான் சரி" என்றார்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அக்கா முன்னால் இவர் இப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை. கோழி கிடக்கட்டும், இந்த ஒரு வார்த்தைக்கு நானே கூவியிருப்பேன்!

வடிவம்மாள் கறுப்பியின் காலிலிருந்த நூலை அவிழ்த்துச் செவலைக்குக் கட்டினாள். "சாமி சேவல்தான கேட்டாரு, கறுப்பா வேணும்னா கேட்டாரு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

செவலை பாவம்தான். அவனையும் நான்தான் வளர்த்தேன். ஆனால் பொய் எழுதமாட்டேன். படையல் கறியை நானும் சாப்பிட்டேன்.

ஜூலை 1

கறுப்பி முட்டையிட்டாள்! அவள் போட்ட கொக்கரிப்பில் இவர் முகத்தில் சவர சோப்போடு ஓடிவந்தார்.

மதியம் வடிவம்மாள் வந்தாள். கூட்டுக்குப் போகவில்லை, நேரே என்னிடம் வந்தாள். கூடை நிறையக் குஞ்சுகள்.

"நவமணி, இதுல எது சேவல், எது பொட்டை? நீயே பாத்துச் சொல்லு."

"எறகு வரட்டும் அண்ணி. இப்ப யாராலயும் சொல்ல முடியாது."

"சரிலா, வரட்டும்" என்றாள். கூடையை என்னிடமே விட்டுவிட்டு, கறுப்பியின் முதல் முட்டையைக் கேட்டு வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு போனாள்.