கோழி பார்ம்

ஆக. 8, வெள்ளி

புழுக்கம். மழை வருகிற மாதிரி காட்டிவிட்டுப் போய்விட்டது.

குடியிருப்புக் கிணற்றுத் தண்ணீரின் பரிசோதனை முடிவு வந்தது. கோலிஃபார்ம் கிருமி. கழிவுநீர்த் தொட்டி கசிந்து கிணற்றில் கலக்கிறது. கீழ்வீட்டுக் கவிதாவின் குழந்தை நிலாவுக்கு வயிற்றுப்போக்கு நிற்காததற்கு இதுதான் காரணமாக இருக்கும்.

கல்லூரியில் மைக்ரோபயாலஜி பாடம் நடத்துபவள் என்பதால் எல்லாருக்கும் புரிகிற மாதிரி சொல்லும் வேலை என் தலையில். குடியிருப்பு வாட்ஸ்அப் குரூப்பில் போடுவதற்கு முன் சங்கத்துக்கு எழுதி அனுப்பியது: ‘தண்ணீரில் மலம் கலந்திருக்கிறது. கொதிக்க வைக்காமல் குடிக்காதீர்கள்.’

சங்கச் செயலாளர் வரதன் சாரிடமிருந்து உடனே போன். “மேடம், லேடீஸ் இருக்கற குரூப். அந்த வார்த்தை வேணாமே. டீசன்ட்டா சயின்ஸ் பேரு சொல்லுங்க. பெரியவங்க படிக்க மாட்டாங்க, வாய்ஸ் மெசேஜா போட்டுடுங்க. தொட்டி விஷயம் மீட்டிங்ல பேசிக்கலாம்.”

நானும் லேடிதானே? இருந்தும் மாற்றிப் பேசி அனுப்பினேன். ‘நம் தண்ணீரில் கோலிஃபார்ம் இருக்கிறது.’

9, சனி

கேஸ் புக் செய்ய வேண்டும். பிரஷர் மாத்திரை. கொத்தமல்லி.

படியில் மாடிவீட்டு மாமி: “கெணத்துல கோழி பார்ம் தண்ணியாமே! நாங்க சுத்த சைவம்மா.”

சிரித்துத் தொலைத்தேன். வந்து குரூப்பைப் பார்த்தால் எல்லாருமே ‘கோழி பார்ம்’. திருத்தி எழுதினேன். பதிலுக்குக் கும்பிடும் கைகள். அதற்குக் கீழே யாரோ: ‘அப்போ பக்கத்து சந்து சேகர் கோழிக்கடைதான்.’

11, திங்கள்

சேகர் கறிக்கடைக்கு இடத்தை வாடகைக்கு விட்டவர் எங்கள் சங்கப் பொருளாளர். காலி செய்யச் சொல்லிவிட்டார். சேகர் வாசலில் வந்து நின்றான்.

“இன்னா மேடம், என் கோழியால உங்க கெணறு கெட்டுப்போச்சுன்னு நீங்கதான் சொல்லிகினு கீறீங்களாமே?”

“கோழின்னு நான் சொல்லவே இல்ல சேகர். அது ஒரு கிருமியோட பேரு.”

“கிருமிக்கு ஏன் மேடம் கோழி பேரு வெச்சீங்கோ?”



12, செவ்வாய்

காலேஜுக்கு லீவு. வரதன் சார் வீட்டுக்குப் போய்ப் படம் போட்டு விளக்கினேன். தொட்டி, மண், கிணறு, அம்புக்குறி எல்லாம்.

“புரியுது மேடம். மொதல் நாளே புரிஞ்சுது. தொட்டியில கை வெச்சா பார்க்கிங் பூரா தோண்டணும், எவன் ஒத்துப்பான்? கடை எப்படியும் நாத்தம்தானே. போகட்டும் விடுங்க.”

புரியாதவருக்குச் சொல்லலாம். புரிந்தவருக்கு என்னத்தைச் சொல்ல? எரிச்சல் அடங்கவில்லை.

நிலாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். ட்ரிப்ஸ் ஏறுகிறது.

15, வெள்ளி

கொடியேற்றம். ஆரஞ்சு மிட்டாய். சேகர் கடை ஷட்டர் இறங்கிக் கிடக்கிறது, பலகையைக்கூடக் கழற்றிவிட்டான்.

எனக்குச் சால்வை! வரதன் சார் மைக்கில்: “மேடம் மட்டும் எளிமையா எடுத்துச் சொல்லலைன்னா நமக்கெல்லாம் புரிஞ்சிருக்குமா?” கைதட்டல்.

முன்வரிசையில் நிலா. நேற்றுதான் வீட்டுக்கு வந்தாளாம், முகம் சுண்டிப்போய். கையில் தண்ணீர் பாட்டில். கவிதாவிடம் குனிந்து, கிணற்றுத் தண்ணீரா என்றேன்.

“ஆமாக்கா. அதான் கோழிக்கடைய மூடியாச்சே.”

மைக்கை வாங்கினேன். “இந்தத் தண்ணியில பீ கலந்திருக்கு. நம்ம பீ.”

மைக்கை அணைத்துவிட்டார்கள். நிலா மட்டும் களுக்கென்று சிரித்தாள். கவிதா பதறிப்போய் அவள் காதுகளைப் பொத்தினாள். கையிலிருந்த பாட்டிலைப் பிடுங்கவில்லை.