மயிலைக்காளையின் கடைசிக் குச்சிகள்

காங்கேயம், 12.10.1996
இன்று மகாளய அமாவாசை. விந்து வங்கியில் பாதிப் பேர் லீவு. கிழட்டு மயிலைக்காளையிடம் இனி விந்து எடுக்க முடியாது, இதுதான் கடைசி. காலையில் வீட்டு மரத்தில் நானே பறித்த முருங்கையிலையின் சாற்றை முட்டை மஞ்சள் கருவோடு சேர்த்து, உறையும்போது சாகாமலிருக்க, எடுத்த விந்து முழுவதிலும் கலந்து, குச்சி என்கிற மெல்லிய குழாய்களில் அடைத்து உறைய வைத்தேன். போன மாதம் வேறொரு காளையில் இதே சாறு பிரமாதமாக வேலை செய்தது. பாதியையாவது சாறில்லாமல் வைத்திருக்கலாம். ஆசை விடவில்லை. சோதனைக்கென்று ஒரு குச்சியை உருக்கவும் மனம் வரவில்லை.

20.10
மயிலை செத்துவிட்டது. அதைப் பார்த்துக்கொண்ட சென்னியப்பன் மத்தியானம் சாப்பிடவில்லை.

4.11
குச்சி ஒன்றை உருக்கி மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். அசைவே இல்லை. அடுத்ததும் அப்படியே. குச்சிகளை உறைநிலையில் வைத்திருக்கும் கேனுக்குத் திரவ நைட்ரஜன் ஊற்றுவதும் சென்னியப்பன்தான். எல்லார் முன்னாலும் கத்தினேன்: "வத்த உட்டுட்டு நிக்கறயா?"
"இல்லீங்க சார், கோல் உட்டுப் பாத்துத்தானுங்க ஊத்துனேன்."
நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அதிகாரி சொல்லிவிட்டார். தினக்கூலிதானே.

7.11
அதே கேனில் இருந்த மற்றக் காளைகளின் குச்சிகளை உருக்கினேன். நன்றாக நீந்துகின்றன. நைட்ரஜன் வற்றியிருந்தால் இவையும் செத்திருக்குமே? அப்படியானால் சாறா?
வீட்டில் மனைவி அம்புஜத்திடம், முருங்கை மரத்துக்கு ஏதாவது அடித்தார்களா என்று கேட்டேன். "ஏனுங்க, மறந்துபோட்டீங்களா? கம்பளிப்பூச்சி உழுகுது, மருந்தடிக்கச் சொல்லுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க. அமாவாசைக்கு மொத நாளு ஆள் வந்து அடிச்சாங்களே."
நான்தான். பூச்சிமருந்து அடித்த இலையை அரைத்து ஊற்றியிருக்கிறேன். படித்த முண்டம்.

8.11
அதிகாரி அறை வரை போனேன். சொல்லவில்லை. டீ குடித்துவிட்டு வந்தேன். சீ.

13.11
பஸ் ஸ்டாண்டில் சென்னியப்பன். சூலூரில் தறி வேலை தேடிப் போகிறார். நான் திரும்பிக்கொண்டேன், அவரே வந்து கும்பிட்டார். "சார், மயிலைக்கு இனி ஒரு கன்னுகூடப் பொறக்காதுங்களா?"
தன் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? திட்டியிருந்தால் தேவலை.

14.11
தப்பு என்னுடையது என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

18.11
அதிகாரி ஆளனுப்பிக் கூப்பிட்டதில் சென்னியப்பன் வந்துவிட்டார். மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லீங்க சார்" என்றார். பிறகு கேனைத் திறந்து, கோலை விட்டு எடுத்து, நைட்ரஜன் நின்ற உயரம் வரை அதில் படிந்த பனியை என் முகத்துக்கு நேராக நீட்டினார்.
"பாத்துக்குங்க சார். இனிமே தெனமும் உங்களுக்குக் காட்டிப்போட்டுத்தானுங்க மூடுவேன்."